பத்து மணிக் கையெழுத்து

மாசி ஒன்பதாம் தேதி, காலை ஐந்து மணி பத்து நிமிடம்.

சுப்புராயனின் கரும்பு வயலில் காசியம்மாள் நான்காவது சாலில் நின்றாள். வெளிச்சம் இன்னும் வரவில்லை. மேற்கே கல்வராயன் மலை வானத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் கறுப்பாகக் கிடந்தது. புடவைக்கு மேல் புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். தலையையும் முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றிக் கண்ணுக்கு மட்டும் வழி விட்டிருந்தாள். கரும்புச் சோகையின் காய்ந்த இலை விளிம்பு அறுக்கும். கன்னத்தில் ஒரு கீறல் விழுந்தால் வியர்வை பட்டு நாள் முழுக்க எரியும்.

குனிந்தாள். இடது கையால் கரும்பை வளைத்துப் பிடித்து மண்ணோடு ஒட்டி வெட்டினாள். நிமிர்ந்து கத்தியின் முதுகால் சோகையை உரித்தாள். நுனியில் கொழுந்தாடையைத் துண்டித்தாள். பின்னால் போட்டாள். அடுத்த கரும்பு. அடியில் இரண்டு விரல் உயரம் விட்டாலும் சுப்புராயன் வந்து கட்டையைக் காலால் தட்டிக் காட்டுவார்.

பின்னால் செவ்வந்தி கட்டுக் கட்டிக்கொண்டு வந்தாள். கரும்பு வெட்டு சோடி வேலை. ஒருத்தி வெட்ட, ஒருத்தி கட்ட. கூட்டத்தில் பதினாலு பேர், ஏழு சோடி.

"யக்கா, மெதுவா வெட்டுக்கா. இன்னா, ரயிலப் புடிக்கப் போறியா?"

"ஒம்போதுக்குக் கெளம்பணும். பத்து மணிக்குக் கையெழுத்து."

"லேட்டா போனா இன்னா பண்ணுவாங்க? மாலைய வாங்கி வச்சிக்கினு காத்துக்கினு இருக்காங்களா?"

காசியம்மாள் அடுத்த கரும்பை வளைத்தாள். இன்றைக்கு இருபத்து மூன்றாவது நாள். ஒன்பது மணிக்கு அவள் போய்விட்டால் செவ்வந்தி தானே வெட்டி, தானே கட்ட வேண்டும். சோடி பாதியானால் சால் பின்தங்கும். சால் பின்தங்கினால் மற்ற ஆறு சோடியும் வந்து கை கொடுத்தால்தான் அன்றைய லோடு ஏறும். யாரும் இதுவரை முகம் சுளிக்கவில்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக உறுத்தியது.

இதெல்லாம் ஆரம்பித்தது தை பிறந்து நாலாம் நாள். அதற்கு முந்தின வாரம் மூன்று கிணறுகளில் மோட்டார் கேபிள் திருட்டுப் போயிருந்தது. செம்புக்காக அறுக்கிறவர்கள். ஒரு கிணறு சுப்புராயனுடையது. சப் இன்ஸ்பெக்டர் தனசேகரன் ஜீப்பில் வயலுக்கு வந்தார். கையில் போன். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்கள் எல்லோருடைய முகத்தையும் அதில் ஏற்ற வேண்டும் என்றார்.

"துண்ட அவுருங்க. வரிசையா நில்லுங்க. பேர் சொன்னா வந்து நிக்கணும்."

மேஸ்திரி பொன்னுரங்கத்தின் வருகை நோட்டை வாங்கி அவரே வரிசையாகப் படித்தார். பழனி. இருசப்பன். செவ்வந்தி. ரங்கம்மாள்.

ரங்கம்மாள் என்றதும் காசியம்மாள் போய் நின்றாள். தினமும் காலையில் அந்தப் பெயருக்கு அவள்தான் குரல் கொடுப்பாள்.

வெட்டுக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்கு முடியாமல் போனால் வீட்டிலிருந்தோ பக்கத்து வீட்டிலிருந்தோ இன்னொருவர் வந்து அவர் பெயரில் நிற்பார். நோட்டில் பெயரை மாற்ற மாட்டார்கள். மாற்றினால் இடம் போய்விடும். அடுத்த பருவத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். கூட்டத்தில் பெயர் என்றால் ஒரு இடம். அங்கே யாராவது குனிந்து வெட்டினால் போதும்.

ரங்கம்மாள் காசியம்மாளின் ஓரகத்தி, கொழுந்தன் இருசப்பனின் மனைவி. மார்கழிக் கடைசியில் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மூன்று மாதம் குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னார். காசியம்மாள் அதுவரை மலைமேல் மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவள். அவளுடைய புருஷனுக்குப் பெங்களூரில் கட்டட வேலை, வந்தால் வந்தான். இருசப்பனின் இடத்தைத் தவிர இரண்டு குடும்பத்துக்கும் சேர்த்து அந்த ஒரு இடம்தான் இருந்தது. அதில் வந்து நின்றாள்.

தனசேகரன் போனை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார். "கண்ண மூடாத." அவ்வளவுதான்.

பத்து நாள் கழித்து வயலில் தண்ணீர் பாய்ந்து வெட்டு இல்லாத ஒரு நாள். காசியம்மாள் பழைய பழக்கத்தில் மலைக்குப் போனாள். சாயங்காலம் ஷேர் ஆட்டோவில் இறங்கி வரும்போது அடிவாரச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சாராயத்துக்கு வெல்ல மூட்டை ஏறுகிறதா என்று பார்க்கிற இடம். இப்போது மூட்டையோடு முகத்தையும் பார்க்கிறார்கள். ஆதார் அட்டையைக் காட்டித் தன் சொந்தப் பெயரைச் சொன்னாள்.

போனின் திரை சிவந்தது. இந்த முகத்துக்கு ஏற்கெனவே வேறு பெயர் இருக்கிறது என்றது.

போன் பொய் சொல்லவில்லை. முகம் அவளுடையதுதான்.

"யோக்கியமானவளுக்கு எதுக்கும்மா ரெண்டு பேரு?" என்று ஸ்டேஷனில் வைத்துத் தனசேகரன் கேட்டார். அவள் சொன்னாள். முதலிலிருந்து கடைசி வரை சொன்னாள். அவர் கேட்டுவிட்டு, விசாரணை முடியும் வரை தினமும் பத்து மணிக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார்.

மூன்றாம் நாள் ரங்கம்மாளையே ஆட்டோவில் வைத்துக் கூட்டிப்போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரங்கம்மாள் மேசை முன்னால் நின்றாள். "நான்தாங்க ரங்கம்மா. இது எங்க அக்கா." தனசேகரன் அவள் முகத்தையும் ஏற்றினார். இப்போது ஒரே பெயருக்கு இரண்டு முகம் என்று சிவந்தது. அவளையும் வாரம் ஒருமுறை வரச் சொன்னார்.

"பேர எடுத்துடுங்க சார்."

"ஏத்தறதுக்குத்தாம்மா இங்க வழி. எடுக்கறதுக்கு மேல கேக்கணும்."

மேலே என்றால் கள்ளக்குறிச்சி. ஒரு நாள் வேலையை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போனாள். ஒரு ஜன்னலில் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, ஸ்டேஷனிலிருந்து எழுதி வந்தால்தான் எடுக்க முடியும் என்றார்கள். ஸ்டேஷனில், மேலேயிருந்து சொன்னால்தான் எழுத முடியும் என்றார்கள். அந்த மனு இன்னும் அவளுடைய சுருக்குப் பையில் இருந்தது. மடிப்பு நைந்து நடுவில் கிழிய ஆரம்பித்திருந்தது.

அந்த இருபத்து மூன்றாவது நாளும் ஒன்பது மணிக்குக் கத்தியைச் செவ்வந்தியிடம் கொடுத்துவிட்டு நடந்தாள். ஸ்டேஷன் நாலு கிலோமீட்டர். அந்த நேரத்துக்கு பஸ் இல்லை. பத்து மணிக்கே போனாலும் பதினொன்றே முக்காலுக்குத்தான் ரைட்டர் தலையைத் தூக்கினார்.

"துண்ட எடும்மா."

எடுத்தாள்.

"கன்னத்துல இன்னா?"

"சோக கிழிச்சதுங்க."

"மூஞ்சிய நல்லா வச்சிக்கோ. அப்புறம் போனுக்கு அடையாளம் தெரியாது."

கிண்டலாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போட்டாள். தனசேகரன் இல்லை. இருந்தாலும் வேறு எதுவும் நடக்காது. "எத்தினி நாளுக்குங்க இது?" என்று கேட்டாள். "முடியற வரைக்கும்." "எப்ப முடியும்?" "முடிஞ்சா சொல்லுவாங்க." "ஒரு சீட்டு எழுதிக் குடுங்களேன், வர்றேன்னு." ரைட்டர் பேனாவை மூடினார். "சீட்டா? கேஸு போட்டாத்தாம்மா சீட்டு. போடச் சொல்லவா?"

திரும்பி வரும் வழியில், ஊர் நுழைவில், கூட்டம் சாயங்காலம் உட்காரும் புங்கமரத்துக்கு எதிரே புதிதாக நட்ட கம்பம் நின்றது. உச்சியில் நாலு பக்கமும் பார்க்கிற கேமரா. கீழே தகரத்தில் எழுதியிருந்தது: அன்பளிப்பு, சுப்புராயன்.

வயலுக்கு வந்தபோது மணி ஒன்றாகப் போகிறது. வரப்பில் புல்லட் நின்றது. சுப்புராயன் பொன்னுரங்கத்தோடு பேசிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் வெட்டிக்கொண்டேதான் இருந்தார்கள், ஆனால் கத்திச் சத்தம் குறைந்திருந்தது.

"வந்துட்டாளா? நல்லதாப் போச்சு, அவ எதிர்லயே சொல்றேன். நாளையிலேருந்து இவ வேணாம் பொன்னுரங்கம்."

"ஐயா, அவ ஒரு தப்பும் பண்ணல. நோட்டு என்னுது."

"எனக்கு நோட்டுக் கத வேணாம். ஸ்டேஷன்ல தெனம் கையெழுத்துப் போடற பொம்பள என் வயல்ல நிக்கறா. எங்கிணத்துக் கேபிள் போயிருக்குது. ஊர்ல இன்னா பேசுவாங்க?"

காசியம்மாள் துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டே கேட்டாள். "கேபிளத் திருடனவ மறுநாளு அஞ்சு மணிக்கு உங்க வயல்ல வந்து குனிவாளா ஐயா?"

"அத அந்த மெஷின்கிட்ட கேளு."

"கேட்டேன். அது உங்க பக்கம் கைய காட்டுது. கம்பத்துல உங்க பேருதான இருக்குது."

செவ்வந்தி சிரிப்பை அடக்கக் கரும்பின் மேல் குனிந்தாள். சுப்புராயனின் முகம் இறுகியது.

"பேசு பேசு. நேத்து சாயங்காலம் புங்கமரத்தாண்ட எத்தினி பேரு குந்திக்கினு பேசினீங்கன்னு எனக்குத் தெரியும். ஸ்டேஷன்லயும் பாக்கறாங்க, என் போன்லயும் வருது."

"நாங்க பேசனது கேக்குதுங்களா ஐயா அதுல?" என்று பழனி இரண்டாவது சாலிலிருந்து கேட்டான்.

"கேக்காது."

"அய்ய. கேட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். உங்களப் பத்திதான் பேசினோம்."

"டேய், வாய மூட்றா. பொன்னுரங்கம், கடைசியாச் சொல்றேன். நாளைக்கு விடியறப்ப இவ இங்க நிக்கக் கூடாது. நின்னா கூட்டமே வேணாம். பண்ருட்டிப் பக்கத்து ஆளுங்க போன் பண்ணா வந்துடுவாங்க. உங்க எல்லார் மூஞ்சியும் ஸ்டேஷன்ல இருக்குது, ஞாபகம் வச்சிக்கோ."

புல்லட் போன பிறகும் வரப்பில் பெட்ரோல் நாற்றம் நின்றது.  நாலு மணிக்கு டிராக்டர் லோடோடு ஆலைக்குக் கிளம்பும் வரை வெட்டிக் கட்டினார்கள்.

அதற்குப் பிறகு புங்கமரத்துக்குப் போகவில்லை. வெட்டி முடித்த வயலின் நடுவில் சோகை மேல் உட்கார்ந்தார்கள். அங்கே கம்பம் இல்லை. வெயில் இன்னும் சுள்ளென்றுதான் இருந்தது.

இருசப்பன்தான் முதலில் வாயைத் திறந்தான். தரையைப் பார்த்தபடி பேசினான்.

"அண்ணி, இந்த ஒரு சீசன் வூட்ல இரேன். எல்லாருக்கும் எதுக்குப் பொல்லாப்பு?"

"நான் வூட்ல இருக்கறன். இந்த எடத்துல யாரு நிப்பா?"

அவன் ஒரு சோகைத் துணுக்கைக் கிள்ளினான்.

"சொல்லு. வேற ஆளு வந்தா அவங்க பேரு ஏறும். உம் பொண்டாட்டி பங்குனில எழுந்து வந்து எங்க நிப்பா? அவ எடத்த நீயே எடுத்துக் குடுக்கறியா?"

அவள் குரல் ஏறியிருந்தது. அழுகை இல்லை. இருபத்து மூன்று நாளாக ஒரே விஷயத்தை ஒவ்வொரு மேசையிலும் சொல்லிச் சொல்லி வந்த எரிச்சல். தன் சொந்தக் கொழுந்தனிடமும் சொல்ல வேண்டியிருக்கிறது.

பொன்னுரங்கம் நோட்டை மடியில் வைத்திருந்தார். பன்னிரண்டு வருஷமாகக் கூட்டம் நடத்துகிறவர். "தப்பு என்னுது. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், இது ரங்கம்மா இல்ல சார்னு. ஜீப்பப் பாத்ததும் நாக்கு உள்ள போயிட்டுது."

"உன் நோட்டுல தப்பில்லாத பேரு எது சொல்லுணா?" என்றான் பழனி. "போன வருஷம் சித்திர மாசம் முழுக்க உன் நோட்டுல இருந்த பழனி, எந்தம்பி. எனக்கு மஞ்சக்காமால."

"தெரியுமே. நல்லா வெட்டுவான். உன்ன விட."

யாரோ சிரித்தார்கள்.

"நான் மொத வருஷம் வந்தது எங்கம்மா பேருல," என்றாள் செவ்வந்தி. "கல்யாணத்துக்கு அப்புறந்தான் என் பேரே நோட்டுல ஏறிச்சு. அதுவரைக்கும் நானு கன்னியம்மா. கூப்புட்டா திரும்பிக்கூடப் பாப்பேன்."

மூலையிலிருந்து ஒருவர், அண்ணன் சாவுக்குப் போனபோது மைத்துனனை நிறுத்தியதைச் சொன்னார். இன்னொருத்தி, பிரசவத்துக்கு முந்தின நாள் வரை தானும் பிறகு தன் தங்கையும் வெட்டியதைச் சொன்னாள். ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் இருசப்பன் மட்டும் மிச்சம்.

"நானு எங்கப்பா எடத்துல வந்தவன்," என்றான் மெதுவாக. "ஒரு வருஷம் அவரு பேருதான் இருந்துது. அவரு செத்து ஆறு மாசம் ஆகியும்."

அவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் கொஞ்சம் நகர்ந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தான்.

செவ்வந்தி எழுந்து பின்னால் ஒட்டிய சோகையைத் தட்டினாள். "அப்ப காசியக்கா மட்டும் எதுக்குக் கையெழுத்துப் போடணும்? நாளைக்கு எல்லாரும் போவோம். நாங்களும் ரெண்டு பேருக்காரங்கதான், எங்களையும் எழுதுங்கன்னு சொல்லுவோம்."

"புடிச்சி உள்ள வச்சிட்டாங்கன்னா?"

"பதினாலு பேர வைக்க அங்க ரூமு எங்க இருக்குது?"

"எல்லாரு மூஞ்சியும் ஏறிடுமே."

"ஏறித்தான கெடக்குது. இனிமே இன்னா ஏறப்போவுது?"

பேச்சு நீண்டது. பயந்தவர்கள் பயத்தைச் சொன்னார்கள். யாரும் அவர்களை வாயடைக்கவில்லை. வேலை போய்விட்டால் வேறு வயல் கிடைக்குமா என்று ஒருத்தி கேட்டாள். தெரியாது என்றார் பொன்னுரங்கம். காசியம்மாள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றைத்தான் சொன்னாள்.

"கரும்ப வெட்டிப் போட்டுட்டு வரக் கூடாது. வெட்டுன கரும்பு வெயில்ல கெடந்தா எட கொறையும். நாளைக்கு அவுரு நம்ம மேல சொல்ல அது ஒண்ணு போதும். விடியறதுலேருந்து ஒம்போது வரைக்கும் வெட்டுவோம். வெட்டுனது பூரா கட்டி ஏத்திட்டுப் போவோம்."

மறுநாள் அப்படியே செய்தார்கள். ஆறு மணிக்கு சுப்புராயன் வந்தார். நான்காவது சாலில் காசியம்மாளைப் பார்த்தார்.

"பொன்னுரங்கம்! நேத்து இன்னா சொன்னேன்?"

பொன்னுரங்கம் நிமிர்ந்தார். "சொன்னீங்க ஐயா. நாங்க அவள வுட்டுட்டு வெட்டறதா இல்ல. நீங்க பண்ருட்டிக்குப் போன் பண்ணுங்க. வர்ற வரைக்கும் வெட்டிக் குடுக்கறோம்."

"திமிரா?"

"இல்லீங்க. அந்தக் கூட்டத்து நோட்டும் இப்படித்தான் இருக்கும். அந்த மேஸ்திரிய எனக்குத் தெரியும்."

சுப்புராயன் போனை எடுத்தார். யாருக்கோ அடித்தார். தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தபோது டிராக்டர் ஓட்டி, "லோடு எப்பங்க ஏறும்? ஆலையில டோக்கன் போட்டாச்சு," என்று கேட்டான். அவர் புல்லட்டில் ஏறினார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஏழு கத்தியும் நிற்கவில்லை.

ஒன்பது மணிக்குக் கடைசிக் கட்டு ஏறியது. முகத் துண்டோடு, சட்டையில் சோகைத் தூளோடு நடந்தார்கள். கேமராக் கம்பத்தைத் தாண்டும்போது பழனி நின்று துண்டை விலக்கித் தலை வாரிக்கொண்டான். செவ்வந்தி அவன் முதுகில் ஒன்று வைத்தாள். ஊர் முனையில் ரங்கம்மாள் ஒரு கையால் வயிற்றைப் பிடித்தபடி காத்திருந்தாள்.

"நீ எங்க வர?" என்றாள் காசியம்மாள்.

"என் பேருக்குத்தான போறீங்க?"

அவளுக்காக எல்லோரும் மெதுவாக நடந்தார்கள். பத்து நாற்பது ஆகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் புல்லட் நின்றது. உள்ளே சுப்புராயன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்னால் டீ. தனசேகரன் எழுந்து வெளியே வந்தார்.

"என்ன கூட்டம் இது? யார் உங்கள வரச் சொன்னது? காசியம்மாள் மட்டும் உள்ள வா. மத்தவங்க கலைங்க."

பொன்னுரங்கம் நோட்டை இரண்டு கையாலும் நீட்டினார்.  இந்த முறை நாக்கு உள்ளே போகவில்லை.

"சார், அன்னிக்கு நீங்க படிச்ச நோட்டு இது. இதுல இருக்கற எல்லாருமே இன்னொருத்தர் பேருல வேல செஞ்சவங்கதான். ஒருத்தருக்கு முடியலன்னா இன்னொருத்தர் நிப்பாங்க. அது திருட்டு இல்லீங்க. திருட்டுதான்னா, எல்லாரையும் எழுதிக்கோங்க. வருஷத்தோட சொல்லுவாங்க."

"கிண்டல் பண்றீங்களா? அத்தன பேர் மேலயும் கேஸ் போட்டா தாங்குவீங்களா?"

"போடுங்க சார்," என்றாள் செவ்வந்தி. "போட்டாத்தான் சீட்டுக் குடுப்பீங்களாமே. காசியக்கா இருபத்தி நாலு நாளா வருது. ஒரு துண்டுக் காயிதம் உண்டா அதுக்கு? எழுதிக் குடுங்க. இல்லன்னா அந்தப் பேர எடுத்துட்டு வுடுங்க."

ரைட்டர் பதிவேட்டைப் பார்த்தபடி இருந்தார். தனசேகரன் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார். ஒவ்வொரு முகமாகப் படம் பிடிக்க ஆரம்பித்தார். யாரும் திரும்பிக்கொள்ளவில்லை. இருசப்பன் முதலில் துண்டை அவிழ்த்தான். பிறகு பழனி. பிறகு ரங்கம்மாள் ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். கீறல் விழுந்த முகங்கள் வரிசையாக வெயிலைப் பார்த்து நின்றன. பாதியில் தனசேகரன் போனை இறக்கினார். ஏற்கெனவே ஏறிய முகம் என்று போன் ஒவ்வொருவருக்கும் சிவந்துகொண்டே இருந்தது.

"எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்," என்றார். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. "நீ கையெழுத்தப் போட்டுட்டுக் கெளம்பு."

ரைட்டர் பதிவேட்டோடு வாசலுக்கு வந்து, அதைத் திருப்பிப் பிடித்துப் பேனாவை நீட்டினார். காசியம்மாள் கையைத் தூக்கவில்லை. உள்ளே நாற்காலியில் சுப்புராயன் டீயைக் குடிக்காமல் வைத்திருப்பது தெரிந்தது. பின்னால் பதினாலு பேர் மூச்சு விடுவது அவளுக்குக் கேட்டது.

"நாளைக்கு எனக்கு வெட்டு இருக்குதுங்க சார். நான் வரமாட்டேன். இட்டுக்கினு போகணும்னா வயலுக்கு வாங்க, ரங்கம்மாவயும் சேத்துப் பதினஞ்சு பேரும் ஏறுவோம். எத்தினி வண்டி அனுப்புவீங்க?"